இரண்டுக்குப் பின் நான்கு

ஆஸ்பத்திரி அழுக்குத் துணி ஏற்றும் வெள்ளை வேனில் அன்று ஒரு துண்டுத் துணிகூட இல்லை. உள்ளே கழுவித் துடைத்து, பின்பக்கம் ஓர் இருக்கையைப் பொருத்தி, ஏறுவதற்கு வாகாக ஒரு மர முக்காலியும் போட்டிருந்தார்கள். அம்மாவுக்கு வலது முட்டி மடங்காது. அப்பன் செத்த வீட்டுக்குப் பெண்கள் கண்ணீரோடு போவார்கள், பூவோடு போவார்கள். முக்காலியோடு போனவள் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். அவள் அழப் போகவில்லை. அம்மாவைக் கூட்டிவரப் போனாள்.

வீட்டில் அவளை 'மூணு' என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று பள்ளிக்கூடச் சான்றிதழில் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். அம்மா ஒண்ணு, அண்ணன் ரெண்டு, இவள் மூணு, தம்பி நாலு. அப்பாவுக்கு எண் கிடையாது. எண்ணுகிறவருக்கு எதற்கு எண்? தெருவில் எல்லாருக்கும் அவர் சார்ஜென்ட்.

பட்டாளத்தில் முப்பது வருஷம் அவர் செய்த வேலை ஒன்றே ஒன்று. புதிதாகச் சேரும் பையன்களை மைதானத்தில் நிறுத்தி நிற்க, திரும்ப, நடக்கக் கற்றுக்கொடுப்பது. எந்தச் சண்டைக்கும் அவரை அனுப்பவில்லை. எதிரி என்று ஒருவனை நேரில் பார்க்கும் பாக்கியம் மனிதருக்குக் கிடைக்கவே இல்லை. அந்தக் குறையை வீட்டுக்கு வந்து தீர்த்துக்கொண்டார்.

சமையலறைக்கும் முன்னறைக்கும் நடுவே ஒரு நடை. அதன் தரையில் வெள்ளைப் பெயிண்டால் நான்கு கோடுகள் போட்டிருந்தார். காலை ஐந்தரைக்கு விசில். விசில் முடிவதற்குள் நான்கு பேரும் கோட்டில் கட்டைவிரல் படும்படி நிற்க வேண்டும். பிறகு எண்ணிக்கை. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. குரல் நடுங்கினால் மறுபடியும். இருமினால் மறுபடியும். எண்ணி முடித்ததும் நகம், காலர், படுக்கை. படுக்கை விரிப்பின் மூலையை உறைபோல மடித்துச் செருகியிருக்க வேண்டும். செருகல் தளர்ந்திருந்தால் மெத்தையோடு தெருவில் வந்து விழும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் எல்லாம் பார்த்துச் சிரிக்க, அதை உள்ளே இழுத்துவர வேண்டும். மூணு பதினான்கு வயதில் ஒரு தடவை இழுத்து வந்தாள், விரிப்பில் மாதவிலக்குக் கறையோடு. அந்த ஆளை நான் வேறென்ன சொல்லி அறிமுகப்படுத்துவது?

வரிசையில் எண்ணைத் தவிர வேறு சொல் எழுந்தால் சார்ஜென்ட் கத்த மாட்டார். சின்னக் குரலில் ஒரே ஒரு கேள்வி கேட்பார். "வரிசையில யார் பேசினது?" அந்தக் கேள்விக்கு அப்புறம் பெல்ட்.

பயிற்சிக்கு வந்த பையன்களைச் சார்ஜென்டின் வீட்டுக்கு பூட்ஸ் துடைக்க அனுப்புவார்கள். அப்படி வந்தவன்தான் அவள் புருஷன். ஒரு மதியம் முழுக்க இரண்டு கையிலும் தண்ணீர் வாளியோடு அவனை வெயிலில் நிறுத்தினார் சார்ஜென்ட். செவ்வாய்க்கிழமை அவன் முகாமைவிட்டு ஓடினான். புதன்கிழமை இவள் வீட்டைவிட்டு ஓடினாள். அவனைப் பிடித்து எட்டு மாதம் ராணுவச் சிறையில் வைத்துவிட்டுத் துரத்திவிட்டார்கள். வெளியே வந்து இவளோடு லாண்டரி தொடங்கினான். பட்டாளத்தைவிட்டு ஓடியவனோடு சார்ஜென்டின் மகள்! மனிதருக்குத் தலையில் இடி விழுந்தது போலிருந்திருக்கும். விழட்டும் என்றுதான் அவளும் நினைத்தாள்.

ஆனால் இடி விழுந்தது தம்பி தலையில். வியாழக்கிழமை காலை எண்ணிக்கையில் அண்ணன் ரெண்டு என்றான். பக்கத்துக் கோடு காலி. பதினொரு வயதுப் பிள்ளை, கணக்கில் புத்திசாலி, ரெண்டுக்கு அப்புறம் மூணுதானே என்று ஓரடி தள்ளி நின்று "மூணு" என்றான். சார்ஜென்ட் அறைந்த அறையில் இடது காதின் ஜவ்வு கிழிந்தது. கிழிந்தது கிழிந்ததுதான். அன்றிலிருந்து அந்த வீட்டில் ரெண்டுக்கு அப்புறம் நாலு. மூணாவது கோட்டில் யாரும் நிற்கக் கூடாது, மிதிக்கக் கூடாது. சாப்பாட்டு மேசையில் மூணாவது நாற்காலி காலி. ஞாயிற்றுக்கிழமை நடைக்குப் போனாலும் அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவே ஓராள் இடம் விட்டு நடக்க வேண்டும். "ஓடினவங்க இடம் ஓடினவங்களுக்குத் தெரியற மாதிரி இருக்கணும்" என்பது சார்ஜென்டின் உத்தரவு.

இதெல்லாம் மூணுக்கு எப்படித் தெரியும் என்றால், அம்மா சொல்லித்தான். மாதத்துக்கு ஒரு முறை சார்ஜென்டின் ரத்தக்கொதிப்பு மாத்திரை வாங்க அம்மா மருந்துக்கடைக்குப் போவாள். கடைக்கார அம்மாளின் தொலைபேசியில் பத்து நிமிஷம். பத்தொன்பது வருஷம், மாதம் தவறாமல். எல்லாப் பேச்சும் ஒரே இடத்தில்தான் வந்து முடியும்.

"அவர் கண்ணை மூடட்டும்டி. அடுத்த நிமிஷம் நான் உன் வீட்ல இருப்பேன். கட்டிலுக்கு அடியில பை கட்டி வெச்சிருக்கேன். ரெண்டு மாத்துத் துணி, மூக்குக்கண்ணாடி, அவ்வளவுதான்."

மகள் சும்மா இருக்கவில்லை. லாண்டரிக்கு மேலே இருந்த சாமான் அறையை ஒழித்து, சன்னலுக்குக் கொசுவலை அடித்து, கட்டில் போட்டாள். ஆஸ்பத்திரிக்கு நாளொன்றுக்கு இருநூறு விரிப்பு மடித்துக் கொடுக்கிறவள் அவள். மூலை செருகுவது கைக்குத் தண்ணீர் பட்ட பாடு. அம்மாவின் படுக்கைக்கு மட்டும் மூலையைச் செருகவே இல்லை. விரிப்பை அப்படியே தொங்கவிட்டாள். தொங்கும் விரிப்பைப் பார்த்து அம்மா என்ன சொல்வாள் என்று நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டாள்.

தெருமுனையில் வேனை நிறுத்தி, "நான் இங்கயே இருக்கேன். அந்த வீட்டு வாசலைப் பார்த்தா இப்பவும் எனக்குக் கை வலிக்குது" என்றான் புருஷன். அவள் மட்டும் நடந்தாள்.

வாசலில் அண்ணன். பஸ் டிப்போவில் நேரம் குறிக்கும் வேலை அவனுக்கு. நாற்பத்து மூன்று வயதில் அப்பாவின் மீசை, அப்பாவின் முதுகு. அவனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள், தரையில் தனக்காக அஞ்சாவது கோடு போடுவதைப் பார்த்து நாலாம் மாதமே பிறந்த வீடு போய்விட்டாள். அதற்காக அவன் வருந்தியதாகத் தெரியவில்லை. தங்கையைப் பார்த்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"பத்து மணிக்கு எடுக்கறோம். பார்க்கறதுன்னா பார்த்துட்டுப் போ."

"அம்மாவைப் பார்க்கத்தான் வந்தேன்."

"அம்மா எங்கயும் ஓடிப்போகல" என்றான் அண்ணன்.

முன்னறையில் பெட்டி. சீருடை போட்டு, முகம் மழித்து, சார்ஜென்ட் படுத்திருந்தார். படுத்தபோதும் நிற்பது போலவே இருந்தார். மூணு அழவில்லை. அழ வேண்டும் என்று தோன்றவும் இல்லை. ஆனால் தன் இரண்டு குதிகாலும் தானாக ஒட்டிக்கொண்டிருப்பதைச் சற்று நேரம் கழித்துத்தான் கவனித்தாள். வெட்கத்தோடு காலைப் பிரித்தாள்.

பெட்டிக்குத் தலைமாட்டில் அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். துவண்டுபோய்க் கிடப்பாள் என்று மகள் நினைத்திருந்தாள். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சார்ஜென்டின் விசில். பாவம், நினைவுக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று மூணுக்குத் தோன்றியது. பத்தொன்பது வருஷம் கழித்து அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"சாப்பிட்டியா?" என்றாள் அம்மா.

"அதெல்லாம் ஆச்சு. அம்மா, வேன் தெருமுனையில நிக்குது. முக்காலிகூடக் கொண்டுவந்திருக்கோம். அடக்கம் முடிஞ்சதும் நேரா கிளம்பிடலாம். பை அங்கயேதானே இருக்கு? நான் எடுத்து வெச்சிடறேன்."

அம்மா அவள் கையிலிருந்து தன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "எந்தப் பை?" என்றாள்.

வீடு நிறைய ஆட்கள், அதனால் மறைத்துப் பேசுகிறாள் என்று மூணு நினைத்துக்கொண்டாள். பெற்றவளைப் பற்றி ஒரு மகள் எவ்வளவு தூரம்தான் கெட்டதாக நினைக்க முடியும்? உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். பை இருந்தது. இழுத்துத் திறந்தாள். உள்ளே ஒரு டப்பா வெள்ளைப் பெயிண்டும் ஒரு பிரஷும் இருந்தன.

பின்னால் தம்பி வந்து நின்றான். முப்பது வயது. கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்க்கிறவன். பேசுகிறவர் பக்கம் வலது காதைச் சாய்த்துச் சாய்த்துக் கழுத்தே ஒரு பக்கம் கோணிவிட்டது.

"துணியெல்லாம் போன வருஷமே வெளிய எடுத்துட்டாங்க அக்கா. கோடு மங்கிப்போச்சுன்னு பெயிண்ட் வாங்கினாங்க."

"அப்பாதான் படுத்த படுக்கையாச்சே. யாருடா கோடு போடச் சொன்னது?"

தம்பி கதவைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். பதினான்கு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து சார்ஜென்டின் வாய் கோணிப்போனது. விசிலை ஊத முடியவில்லை. மறுநாள் காலை ஐந்தரைக்கு எல்லாரும் தூங்கலாம் என்று அண்ணன் தம்பி இருவருமே நினைத்தார்கள். ஐந்தரைக்கு விசில் கேட்டது. அம்மா ஊதினாள். கட்டிலை நடையைப் பார்க்கத் திருப்பிப் போட்டு, அவர் கண்ணெதிரே அவளே எண்ண வைத்தாள். நகம் பார்த்தாள், காலர் பார்த்தாள்.

"அதுகூடப் பரவாயில்ல அக்கா. போன கோடையில ஒரு நாள் அண்ணன் ரெண்டுன்னு சொன்னதும் அப்பா கையைத் தூக்கினாரு. இடது கை, அது மட்டும்தான் வேலை செய்யும். நிறுத்துன்னு காட்டினாரு. காலிக் கோட்டையே பார்த்துக்கிட்டு வாயை என்னமோ பண்ணினாரு. மூ... மூன்னு வந்துது. கண்ணுல தண்ணி. உன்னைத்தான் கேட்கறாருன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

மூணு கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அப்புறம்?"

"'நாலு! வாய்ல என்ன கொழுக்கட்டையா?'ன்னு அம்மா என்னைக் கத்தினாங்க. நான் நாலுன்னு சொல்லிட்டேன். மறுநாளும் அவரு கையைத் தூக்கினாரு. மறுநாளும் அம்மா அப்படியேதான். ரெண்டு மாசம் தினம் தூக்கினாரு அக்கா. அப்புறம் தூக்கறதை விட்டுட்டாரு."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா!"

தம்பி கழுத்தைக் கோணியபடியே அவளைப் பார்த்தான். "எனக்கு மிச்சம் இருக்கறது ஒரு காதுதான் அக்கா" என்றான்.

அவள் நேராகச் சமையலறைக்குப் போனாள். அம்மா இதற்குள் எழுந்துவந்து அங்கே குவளைகளைப் பெரிசு சிறிசாக அடுக்கிக்கொண்டிருந்தாள். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். அதைக் காதால் கேட்பது வேறு, கண்ணால் பார்ப்பது வேறு.

"அப்பா என்னைக் கேட்டாரா அம்மா?"

"கேட்டார்."

மறைக்கக்கூட இல்லை. அதுதான் அவளைச் சுட்டது.

"மாசாமாசம் ஃபோன்ல பேசினியே. அப்பக்கூடச் சொல்லலையே."

"எதுக்குச் சொல்லணும்?" அம்மா குவளையைக் கவிழ்த்து வைத்தாள். "நீ போன அன்னைலேர்ந்து அந்தக் காலிக் கோட்டை நான்தான் பார்த்துக்கிட்டு நின்னேன். உன்னை அடிக்க முடியாம என்னை அடிச்சார். பொண்ணை வளர்த்த லட்சணம்னு சொல்லிச் சொல்லி அடிச்சார். இந்த முட்டி எப்படிப் போச்சுன்னு நினைக்கறே? நாப்பத்தஞ்சு வருஷம் முதல் ஆளா நின்னவ நான். எனக்காக அந்த மனுஷன் ஒரு நாள் ஒரு விரல் தூக்கல. ஓடிப்போனவளுக்குக் கையைத் தூக்கறார்! நீ வருவே, அவர் அழுவார், நீ அழுவே, எல்லாம் சரியாப்போயிடும். அப்ப நான் வாங்கினது?"

அம்மா சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை என்பது மூணுக்குத் தெரிந்தது. அதனால் கோபம்கூடச் சரியாக வரவில்லை. கெஞ்சல்தான் வந்தது.

"சரி, விடு. எல்லாம் போகட்டும். அவர்தான் போயிட்டாரே. இப்ப வா அம்மா. ரூம் போட்டு வெச்சிருக்கேன். யாரும் உன்னை எழுப்ப மாட்டாங்க. எப்ப வேணா எழுந்திரு. விரிப்பைக்கூட செருகல."

அம்மா முதல் தடவையாகச் சிரித்தாள். "ஜெயில்ல இருக்கறவ வெளிய போறதைப் பத்திப் பேசத்தான் செய்வா. இப்ப சாவி என் கையில இருக்கு. நான் எதுக்குடி வெளிய வரணும்?"

முன்னறையிலிருந்து அண்ணன் கூப்பிட்டான். முன்னாள் படைவீரர் சங்கத்தின் செயலாளர் வந்திருந்தார். தொளதொளவென்று பழைய கோட்டு, கையில் ஒரு தாள், நல்ல மனிதர். இடுகாடு அடுத்த தெருவிலேயே இருந்ததால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தே போவதாக ஏற்பாடு.

"அம்மா, பெட்டிக்குப் பின்னால குடும்பத்துலேர்ந்து யார் யார் நடக்கறீங்கன்னு சொன்னீங்கன்னா, அதுக்குப் பின்னால எங்க ஆளுங்களை நிறுத்திக்குவேன்" என்றார்.

"நிறுத்தியே காட்டறேன்" என்றாள் அம்மா. நடைக்கு வந்து முதல் கோட்டில் நின்று விசிலை வாயில் வைத்தாள்.

அந்தச் சத்தத்துக்குப் பெட்டியிலிருந்து சார்ஜென்ட் எழுந்து உட்கார்ந்திருந்தாலும் மூணு ஆச்சரியப்பட்டிருக்க மாட்டாள். அண்ணன் ஓடிவந்து தன் கோட்டில் நின்றான். தம்பி ஓடிவந்து தன் கோட்டில் நின்றான். வந்தவர்கள் விலகி வழி விட்டார்கள். மூணும் நடைக்கு வந்திருந்தாள். யோசித்து வரவில்லை, கால் கொண்டுவந்தது. எதிரே மூணாவது கோடு. மற்ற கோடுகளெல்லாம் மிதிபட்டுத் தேய்ந்திருக்க, அது மட்டும் பெயிண்ட் பூசிய மறுநாள் போல வெள்ளை வெளேரென்று இருந்தது.

அவள் அதில் கட்டைவிரலை வைத்து நின்றாள். ஓடிப்போன வீட்டில், வெறுத்த வரிசையில், அந்த ஒரு நிமிஷம் நிற்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. இந்த வரிசையில் சேர்த்துக்கொண்டால் அம்மா தன்னோடு வந்துவிடுவாள் என்றுகூட நினைத்தாள். பைத்தியக்காரி.

"ஒண்ணு" என்றாள் அம்மா.

"ரெண்டு" என்றான் அண்ணன்.

"மூணு." குரல் நடுங்கியது. பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு நடுங்காமல் என்ன செய்யும்?

தம்பி வாய் திறக்கவில்லை. வலது காதை அவள் பக்கம் சாய்த்தபடி அப்படியே நின்றான். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டே, சின்னக் குரலில் கேட்டாள்.

"வரிசையில யார் பேசினது?"

மூணின் முதுகு பழைய இடத்தில் சிலிர்த்தது. செயலாளர் தன் தாளைப் பார்த்துக்கொண்டார்.

"மறுபடியும்" என்றாள் அம்மா. "ஒண்ணு."

"ரெண்டு."

தம்பி அக்காவைப் பார்த்தான். கண் நிறைந்துவிட்டது. இவள் மெதுவாகத் தலையசைத்தாள், சொல்லுடா என்று. அவனுக்கு மிச்சம் இருப்பது ஒரு காதுதானே.

"நாலு" என்றான் தம்பி.

"நானும் என் ரெண்டு பசங்களும்" என்றாள் அம்மா செயலாளரிடம். "எழுதிக்குங்க."

மூணு கோட்டிலிருந்து விலகினாள். யாரும் தடுக்கவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. வாசலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு தெருமுனைக்கு நடந்தாள். புருஷன் அவளைப் பார்த்ததும் வேனின் பின்கதவைத் திறந்து முக்காலியை இறக்கி வைத்தான். அவள் பின்னால் எட்டிப் பார்த்தான்.

"அம்மா எங்க?"

அவள் பதில் சொல்வதற்குள் தெருவில் விசில் கேட்டது. பெட்டி வந்துகொண்டிருந்தது. ஆறு கிழவர்கள் அதைத் தூக்கி வந்தார்கள். பின்னால் அம்மா, முட்டி மடங்காத காலை இழுத்து இழுத்து, ஆனால் அடி பிசகாமல் நடந்தாள். அவளுக்குப் பின்னால் அண்ணன். அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவே சரியாக ஓராள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தது. தம்பியின் கால் கொஞ்சம் முந்தியபோது அம்மா திரும்பாமலே விசிலை ஒரு முறை ஊதினாள். அவன் பின்வாங்கி இடைவெளியைச் சரிசெய்தான்.

பெட்டியைப் பார்த்ததும் புருஷனின் இரண்டு கையும் தொடையோடு ஒட்டிக்கொண்டன. பிறகு அவன் கண்ணில் அந்த இடைவெளி பட்டது. நல்லவன், அவனுக்கு இந்த வீட்டு விஷயம் எவ்வளவு சொன்னாலும் பிடிபடாது.

"உனக்கு இடம் விட்டிருக்காங்க பாரு. ஓடு, போய் நில்லு" என்றான்.

மூணு பார்த்தாள். பத்தொன்பது வருஷமாக அந்த வீட்டில் ஒரு நாள் தவறாமல் காப்பாற்றப்பட்டது அந்த இடம் ஒன்றுதான். சார்ஜென்ட் காப்பாற்றினார். அவர் கைதூக்கி விட்டுக்கொடுக்கப் பார்த்தபோது அம்மா காப்பாற்றினாள். இனி அம்மா இருக்கும்வரை அது இருக்கும். அவர்கள் அவளைக் கடந்து போனார்கள். அம்மா வேனையும் பார்க்கவில்லை, முக்காலியையும் பார்க்கவில்லை.

மூணு முக்காலியை எடுத்து உள்ளே போட்டுக் கதவைச் சாத்தினாள்.

"வண்டியை எடுங்க" என்றாள். "ஆஸ்பத்திரித் துணி காத்துக்கிட்டு இருக்கும்."

அன்று சாயங்காலம் மாடி அறைக்குப் போய், தொங்கிக்கொண்டிருந்த விரிப்பை இழுத்து, நான்கு மூலையையும் உறைபோல மடித்து இறுக்கிச் செருகினாள். பிறகு கதவைப் பூட்டினாள்.